கரப்பான் முன்னிலையில் ஒரு கல்யாணப் பேச்சு

அந்த லாட்ஜைக் கட்டியவர் நல்ல மனிதர்தான். ஆனால் சதுப்பு நிலத்துக்கு முதுகைக் காட்டிக் கட்டிவிட்டார். முன்பக்கம் பஸ் டிப்போ, கடைத்தெரு, எந்நேரமும் ஆள் நடமாட்டம். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் கோரையும் சேறும் தேங்கிய தண்ணீரும். மழை விட்ட சாயங்காலத்தில் லாட்ஜில் விளக்கைப் போட்டால் போதும், சதுப்பில் இறக்கை முளைத்ததெல்லாம் ரூம் கேட்டு வந்துவிடும். உள்ளங்கை அகலத்துக்கு விட்டில். சுவரில் மோதி மோதி விழுந்து, மல்லாந்து கிடந்து, மறுபடி எழுந்து மோதும் கருவண்டு. கை கூப்பிக்கொண்டே ஆளை முறைக்கும் கும்பிடுபூச்சி. எல்லாவற்றுக்கும் மேலே, கட்டைவிரல் நீளத்தில் பறக்கும் கரப்பான்.

இந்த விருந்தாளிகளுக்கும் வாடகை கொடுத்துத் தங்க வந்த மனிதர்களுக்கும் நடுவே நின்றவள் ஒருத்திதான். ரூம்களைச் சுத்தம் செய்பவள். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லி லாட்ஜில் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. மேனேஜரிலிருந்து துணி வெளுக்கிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் வண்டக்கா.

அந்தப் பட்டம் வந்தது அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில். உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் ஒருவர் தங்கியிருந்தார். வாட்டசாட்டமான ஆள், கதவில் நுழையும்போதே ஒருக்களித்துத்தான் நுழைவார். அவர் ஒரு நாள் இடுப்பில் துண்டும் தலையில் ஷாம்பு நுரையுமாகப் படியில் தடதடவென்று இறங்கி வந்து, "பாத்ரூம்ல ஏதோ இருக்கு" என்றார். ஏதோ என்றால் என்ன என்று மேனேஜர் கேட்டார். அதைப் பார்க்க அவர் அங்கே நிற்கவில்லை போலிருக்கிறது. மேனேஜர் உடனே டெலிபோனை எடுத்து, மறுமுனையில் யாரும் இல்லாமலே மும்முரமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். படியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியைக் கீழே போட்டுவிட்டு மேலே போனாள். கைப்பிடி உடைந்த சிவப்பு மக் ஒன்றை, அங்கே கிடந்த கருவண்டின் மேல் கவிழ்த்து, அடியில் பழைய காலண்டர் அட்டையைச் செருகி, ஜன்னல் வழியாகச் சதுப்புக்கே திருப்பி அனுப்பிவிட்டுக் கீழே வந்தாள்.

"அடிச்சுட்டியாம்மா?" என்று கேட்டார் அந்தப் பயில்வான், நுரை கண்ணில் வழிய.

"அடிக்கலீங்க. அடிச்சா சுவர்ல கறை படியும். கறையைத் துடைக்கிறது யாரு? நான்தானே."

ஜீவகாருண்யம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவளுக்கு அது வெறும் வேலைக் கணக்கு.

போகப் போக அவளுக்கு இதில் ஒரு குறும்பு பிடிபட்டது. பயந்து போன ஆண்பிள்ளைகள் எல்லோரும் கதவைத் திறந்ததும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "எனக்கு ஒண்ணுமில்ல, என் வைஃபுக்குத்தான் கொஞ்சம் பயம்." தனியாகத் தங்கியிருந்த ஒருவரும் அதையே சொன்னார். வண்டக்கா சிரிக்காமல், "அவங்க எங்கேங்க?" என்று கேட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். இன்னொருவர், இது கடிக்குமா என்று கேட்டதற்கு, "குடும்பஸ்தன் சார், பாத்தாலே தெரியல? கடிக்கிற மூஞ்சியா இது?" என்றாள். வந்தவர்கள் பாதி கோபத்திலும் பாதி சிரிப்பிலும் தூங்கப் போவார்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, "அந்த அக்கா இன்னும் இருக்காங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் ரூம் எடுப்பார்கள்.

வீட்டில் மட்டும் இந்த வீரம் செல்லாது. சமையலறையில் ஒரு பாச்சை எட்டிப் பார்த்தாலும் அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டாள். "எனக்கு டூட்டி முடிஞ்சுடுச்சு" என்பாள். தையல்கடை வைத்திருந்த அவள் புருஷன், சாது, பெருமூச்சு விட்டுக்கொண்டு விளக்குமாற்றைத் தேடுவார்.

இவர்களுக்கு ஒரே மகள். அவள் பஸ் ஓட்டினாள். லாட்ஜுக்கு எதிர்த்தாற்போல இருந்த அதே டிப்போவில், ஸ்டியரிங் பிடித்த ஒரே பெண் அவள்தான். அங்கேயே மெக்கானிக்காக இருந்த பையனுக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போயிற்று. பையன் தங்கம். ஆனால் அவன் அம்மா வேறு ஊரில் இருந்துகொண்டு முட்டுக்கட்டை போட்டாள். கல்யாணம் என்றால் பெண் வேலையை விட வேண்டும். பஸ் ஓட்டுகிற மருமகள் வேண்டாம்.

"அம்மா சம்மதிக்காம எதுவும் வேண்டாம்னு அவர் சொல்றார். வேலையை விட மாட்டேன்னு நான் சொல்றேன்" என்றாள் மகள், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே. "அவ்வளவுதாம்மா. வண்டி நடுரோட்டுல நிக்குது."

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில், ஒரு நாள் காலை மேனேஜர் வண்டக்காவை ஓரமாகக் கூப்பிட்டார். "மேல்மாடிக் கடைசி ரூமுக்கு ரிட்டயர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருத்தர் வந்திருக்காங்க. பாத்து நடந்துக்கங்க அக்கா. நேத்து வந்ததும் வராததுமா என்னை நேரா நிக்கச் சொல்லிட்டாங்க."

"நின்னீங்களா?"

"நின்னேன். வேற வழி?"

வண்டக்கா படுக்கை விரிப்பு மாற்றப் போனாள். டீச்சரம்மா நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்களும் பரீட்சை ஹாலில் சுற்றுவதுபோல ரூமைச் சுற்றி வந்தன.

"அந்த ஓரம் சரியா மடியல."

மடித்தாள்.

"ஏம்மா, நீ இந்த ஊர்தானே? எதிர்த்த டிப்போவுல பஸ் ஓட்டற பொண்ணு ஒருத்தி இருக்காளாமே, தெரியுமா?"

தலையணை உறையைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. "எதுக்குங்க கேக்கறீங்க?"

"என் பையன் அங்கேதான் மெக்கானிக். அவன்கிட்ட சொல்லாம வந்திருக்கேன். அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டு, அப்புறம் நேரா அவங்க வீட்டுக்குப் போகலாம்னு."

வண்டக்கா உறையைத் தலையணையில் மாட்டி முடித்தாள். நான்தான் அந்தப் பெண்ணின் அம்மா என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். ஒரு கும்பிடு போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, பவ்யமாக நின்றிருக்கலாம். ஆனால் அவள் வாய் அவள் பேச்சைக் கேட்டு நடக்கிற வாய் இல்லை.

"தெரியுமாவா? பொறந்ததுலேருந்து தெரியுங்க."

"ஆள் எப்படி?"

"நல்ல பொண்ணு. வாய்தான் கொஞ்சம் நீளம்."

"அப்பா, அம்மா?"

"அப்பா சொக்கத்தங்கம். இருக்கற இடமே தெரியாது. அம்மாதான்..." வண்டக்கா தலையணையைத் தட்டித் தட்டி உப்ப வைத்தாள். "அம்மா ரொம்ப விவகாரமான பொம்பளைங்க. ஊரே ஒதுங்கித்தான் போகும்."

டீச்சரம்மாவின் கண்ணாடி பளபளத்தது. "அப்படியா? முப்பது வருஷமா எத்தனை விவகாரத்தைப் பாத்திருக்கேன். நாளைக்குப் போறேன். வேலையை விட்டாத்தான் சம்பந்தம்னு அவ மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வரேன்."

"போயிட்டு வாங்க. எதுக்கும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்க."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. விளையாட்டுக்குச் சொன்னது மகளின் கல்யாணத்தில் அல்லவா மண்ணை அள்ளிப் போட்டுவிடும்! அன்றைக்கு மிச்சமிருந்த ரூம்களையெல்லாம் நகத்தைக் கடித்துக்கொண்டேதான் பெருக்கினாள்.

மத்தியானம் மழை கொட்டியது. விட்டதும் புழுக்கம். பொழுது சாய்கிற நேரத்துக்கு விளக்குகளைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மேல்மாடியிலிருந்து ஒரு குரல் லாட்ஜையே கிடுகிடுக்க வைத்தது.

"ப்யூன்! ப்யூன்!"

மேனேஜர் தன்னையறியாமல் எழுந்து நேராக நின்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "அக்கா, உங்களைத்தான்" என்றார்.

வண்டக்கா மக்கையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு போய்த் தன் சாவியால் கதவைத் திறந்தாள். கட்டிலின் நட்டநடுவில், விரித்த குடையைத் தலைக்கு மேல் பிடித்தபடி டீச்சரம்மா நின்றுகொண்டிருந்தார். காலையில் இருந்த மிடுக்கில் குடைக்கம்பியைப் பிடித்திருந்த பிடி மட்டும்தான் மிச்சம்.

"ரெண்டு இருக்கு! அங்கே பாரு, ரெண்டு!"

"ஒண்ணுதாங்க. இன்னொண்ணு கண்ணாடில தெரியறது."

முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் ஒரு கரப்பான் சாவகாசமாக மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. நல்ல வளர்த்தி. வண்டக்கா மக்கை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் நின்றது. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் மெல்ல எழுந்து போய், அந்த இடத்தில் பழைய குறும்பு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"ஏன் நிக்கறே? பிடி!"

"பிடிக்கலாம்ங்க. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். காலையில ஒரு அம்மாவைப் பத்திச் சொன்னேனே, விவகாரமானவன்னு..."

"அவளுக்கென்ன இப்போ?"

"நான்தாங்க அது."

குடை சற்றுத் தாழ்ந்தது. டீச்சரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். கரப்பானை ஒரு பார்வை பார்த்தார். குடை மறுபடி உயர்ந்தது. "எதுவானாலும் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல அதைப் பிடி."

"பிடிச்சுட்டா நான் ரூம் பெருக்கறவ, நீங்க ஹெட்மிஸ்ட்ரஸ். இப்போதாங்க ரெண்டு பேரும் சமமா இருக்கோம். இப்பவே பேசிடலாம்."

"இது பறக்குமா?"

"மனசு வந்தா பறக்கும்ங்க. சொல்லுங்க, என் பொண்ணு பஸ் ஓட்டினா உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"ஊர்ல நாலு பேர் கேப்பாங்க, நான் என்ன பதில் சொல்றது?"

"அந்த நாலு பேரையும் கூப்பிடுங்க. யாராவது ஒருத்தர் வந்து இதைப் பிடிக்கிறாங்களான்னு பாப்போம்."

டீச்சரம்மா வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கரப்பானுக்கு மனசு வந்துவிட்டது. விர்ரென்று கிளம்பி ரூமை ஒரு சுற்றுச் சுற்றி, டப்பென்று குடையின் மேலேயே வந்து இறங்கியது.

"ஓட்டட்டும்! ஓட்டட்டும்!" என்று அலறினார் டீச்சரம்மா.

வண்டக்காவின் உச்சி குளிர்ந்தது. ஒரே எட்டில் கட்டில்மேல் ஏறி, குடைத்துணியோடு சேர்த்து மக்கைக் கவிழ்த்து, அட்டையைச் செருகி, ஜன்னலைத் திறந்து வீசினாள். கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது.

டீச்சரம்மா கட்டிலிலிருந்து இறங்கினார். குடையை உதறி மடக்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

"அப்போ கல்யாணத்தை எப்போ வெச்சுக்கலாம்?" என்றாள் வண்டக்கா.

"எந்தக் கல்யாணம்?"

"நீங்கதானே சொன்னீங்க, ஓட்டட்டும்னு?"

"ஆமா, கரப்பானை வெளியே ஓட்டட்டும்னு சொன்னேன். பஸ்ஸைப் பத்தி எப்போ பேசினேன்?"

பேச்சில் தன் காலை வாரிவிட்ட ஒரு மனுஷியை வண்டக்கா அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தாள். கோபம் வந்தது, அதைவிட அதிகமாக ஒரு மரியாதையும் வந்து தொலைத்தது. மக்கைக் கழுவப் பாத்ரூமுக்குள் போனாள்.

போன வேகத்திலேயே வெளியே வந்தாள். வந்தவள் தரையில் நிற்கவில்லை. ஒரே தாவில் கட்டில்மேல், சற்று முன் டீச்சரம்மா நின்றிருந்த அதே இடத்தில் நின்று, "தவளை! தவளை!" என்று கத்தினாள். ஆறு கால், எட்டுக் கால் எதுவானாலும் அவளுக்கு வெறும் தூசி. ஆனால் நாலு கால் தவளை என்றால் உடம்பெல்லாம் கூசும். சின்ன வயசில் அண்ணன்காரன் சட்டைக்குள் ஒன்றைப் போட்டு விட்டதிலிருந்து அப்படித்தான்.

டீச்சரம்மா எழுந்து பாத்ரூமுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் அந்தத் தவளை இருந்தது. ஆயுள் முழுக்க அறிவியல் பாடம் எடுத்த கை. தவளை அதில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தது. அவர் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார்.

"இப்போ பேசலாமா?"

"அம்மா, டீச்சரம்மா, முதல்ல அதை வெளியே விடுங்க."

"விட்டா நான் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆயிடுவேனே? சமமாவே இருப்போம்."

வண்டக்கா குடையைத் தேடினாள். அது எட்டாத தூரத்தில் இருந்தது. அவள் தலையணையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து டீச்சரம்மாவின் உதடு முதலில் துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. கடைசியில் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, கையில் தவளையோடு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேலே நின்றவளுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. கீழே மேனேஜர், இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து, டெலிபோனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டாராம்.

சிரிப்பு அடங்கியதும் டீச்சரம்மாவின் குரல் மாறியிருந்தது. "நாலு பேரெல்லாம் சும்மா சாக்குதான். எனக்குப் பயம். அவ்வளவுதான். பையன் வீட்டுக்கு வந்தா ப்ரேக் பிடிக்கலை, டயர் வெடிச்சது, வண்டி கவுந்ததுன்னே பேசறான். அதைக் கேட்டாலே எனக்குப் படபடன்னு வருது. வீட்டுக்கு வர்ற பொண்ணும் தினமும் அந்த ரோட்டுல ஓட்டறான்னா, சாயங்காலம் அவ வீடு திரும்பற வரைக்கும் நான் எப்படி இருக்கறது?"

வண்டக்கா தலையணையைக் கீழே போட்டாள். "நானும் அப்படித்தாங்க இருந்தேன். ஒரு நாள் அவ வண்டியில ஏறி உட்கார்ந்து பாத்தேன். அப்புறம் பயம் போயிடுச்சு. நீங்களும் நாளைக்கு ஏறிப் பாருங்க. யாருன்னு சொல்லாதீங்க. இறங்கினப்புறமும் பயமா இருந்தா சொல்லுங்க, நானே வேலையை விடச் சொல்றேன்."

டீச்சரம்மா யோசித்தார். எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் தவளையைச் சதுப்பில் விட்டார். "கையை அலம்பிட்டு வரேன். நீ இறங்கலாம்."

மறுநாள் காலை டீச்சரம்மா, வண்டக்கா மகளின் பஸ்ஸில் ஏறினார். இடம் காலியாக இருந்தும் உட்காரவில்லை. டிரைவர் சீட்டை ஒட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் கையையும் காலையும் உற்றுப் பார்த்தபடி நின்றார்.

"பெரியம்மா, இங்கே நிக்கக்கூடாது. உள்ள போய் உக்காருங்க."

"பரவாயில்ல. நீ ஓட்டு."

மகள் என்ஜினையே நிறுத்திவிட்டாள். "நீங்க உக்காந்தாத்தான் ஓட்டுவேன்."

மற்றவர்களை உட்கார வைத்தே பழகிய அந்த அம்மாள், வாழ்க்கையில் முதல்முறையாக, சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்தார்.

சதுப்போரச் சாலையில் ஒரு பள்ளத்தில் மழைத்தண்ணீர் குளமாக நின்றது. வேன்களும் கார்களும் சேற்றை வாரியடித்துக்கொண்டு பாய்ந்தன. மகள் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப் போய், தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்த்து, எதிரே வந்த லாரி கடக்கும்வரை காத்திருந்தாள். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு வண்டியை மெல்ல ஊர்ந்து போகவிட்டு அக்கரையேற்றினாள். ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழிக்கக்கூட இல்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு டீச்சரம்மா முன்னால் வந்தார். "பின்னாடி அத்தனை பேர் ஹாரன் அடிச்சாங்களே, கோபம் வரலையா?"

"அடிச்சா அடிச்சுட்டுப் போறாங்க பெரியம்மா. வண்டிக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் நான் பொறுப்பு."

"பெரியம்மா இல்ல. அத்தைன்னு கூப்பிடு."

மகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பிடித்திருந்த தண்ணீர் பாட்டில் கைநழுவிப் படியில் உருண்டு போயிற்று.

கல்யாணம் எளிமையாக, நிறைவாக நடந்தது. அந்தக் கடைசி ரூமில் நடந்ததை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று சம்பந்திகள் இரண்டு பேரும் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் கல்யாணச் சாப்பாடு முடிவதற்குள், தவளைக்குப் பயந்த கதை மாப்பிள்ளை வீட்டாருக்கெல்லாம் தெரிந்திருந்தது. குடை பிடித்து நின்ற கதை பெண் வீட்டாருக்கெல்லாம் தெரிந்திருந்தது. "நான் ஒரு வார்த்தை சொல்லல சம்பந்தி" என்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் துணிந்து சொன்னார்கள். தையல்கடைக்காரர் மட்டும் இரண்டு கதைகளையும் கேட்டுவிட்டு, யாரோடும் வம்பு வேண்டாம் என்று பந்தி பரிமாறப் போய்விட்டார்.

பிறகு டீச்சரம்மா மகனோடும் மருமகளோடும் இருக்க இந்த ஊருக்கே வந்துவிட்டார். தினமும் காலையில் மருமகள் வண்டியில் முதல் ஆளாக ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறார். போக வேண்டிய இடம் என்று ஒன்றுமில்லை. போய்விட்டு அதே வண்டியில் திரும்பி வருகிறார். படியில் தொங்குகிறவர்களை உள்ளே வரச் சொல்கிறார். சீட்டில் காலைத் தூக்கி வைத்தவர்களை ஒரு பார்வை பார்க்கிறார், கால் தானாக இறங்குகிறது. கண்டக்டர் டிப்போவில் போய் முறையிட்டார். மாமியாரிடம் பேச வேண்டியது மருமகள் வேலை என்று அங்கே இருந்த அதிகாரிகள் கழன்றுகொண்டார்கள். மருமகளோ, நல்லபடியாக ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்துவது என்று இருந்துவிட்டாள்.

இப்போது அந்த வழித்தடத்தில் எல்லோரும் உட்கார்ந்தாயிற்றா என்று டீச்சரம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிய பிறகுதான் பஸ் நகர்கிறது. கண்டக்டர் பாவம், டிக்கெட் கிழிப்பதோடு சரி.